நாட்டிங்காமில் அப்பாவின் சைக்கிள்

சென்னை விமான நிலையத்தில் என் பையை ஸ்கேன் செய்த பெண் காவலர் பெல்ட்டை நிறுத்திவிட்டார்.

“உள்ளே உருண்டையா இரும்பு ஏதோ தெரியுதே... என்னம்மா அது?”

துணியைப் பிரித்துக் காட்டினேன். உள்ளங்கையில் ஏந்திப் பிடிக்கிற அளவில், எண்ணெய்க் கறை படிந்த ஓர் இரும்பு உருளை.

“சைக்கிள் ஹப்பும்மா. பின் சக்கரத்து நடுவுல இருக்குமே, அது. எங்க அப்பாவோடது.”

“லண்டன்ல சைக்கிள் கிடைக்காதாம்மா?” என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். லக்கேஜில் போட்டிருந்த பெட்டியை அவர்கள் பார்த்திருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள். அதில் வடாமும் சாம்பார் பொடியும் பெயருக்குத்தான். மீதியெல்லாம் புதுக்கோட்டை சைக்கிள் கடையில் வாங்கிய இரண்டு ரிம்கள், இரண்டு டயர்கள், ஒரு டஜன் காட்டர் பின், பழைய பல்சக்கரம், ஸ்பிரிங் வைத்த ஒரு சீட்டு.

அறுபதாவது பிறந்த நாளுக்கு என்ன வேண்டும் என்று நாட்டிங்காமில் இருக்கும் என் மகள் போனில் கேட்டாள். தாத்தாவின் சைக்கிளைத் திரும்ப ஓட்ட வேண்டும் என்று விளையாட்டாகத்தான் சொன்னேன். அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

திருமயத்து ராலி

அப்பா திருமயத்தில் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்தார். டாக்டர் கார் வாங்கியபோது, தான் வைத்திருந்த ராலி சைக்கிளை அப்பாவுக்குத் தவணையில் கொடுத்தார். நான் பிறந்த வருஷம் அது. இங்கிலாந்தில் செய்த வண்டி. பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் மூன்று நாரைத் தலைகளை வெட்டியிருப்பார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அது ‘கொக்கு வண்டி’.

அந்த வண்டியை யாரும் தொடக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா அதைத் திண்ணையோரம் நிறுத்தித் துடைப்பார். பின் ஹப்பில் சின்ன மூடி ஒன்று இருக்கும். அதைத் திறந்து நாலு சொட்டு எண்ணெய் விடுவார். என் தம்பி குரங்கு பெடல் போட்டுப் பழகியது வாடகை சைக்கிளில்தான். எனக்கு அதுவும் கிடையாது. “பொம்பளப் பிள்ளைக்குச் சைக்கிள் எதுக்கு?” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

1991-ல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுப்பதோடு நிற்காமல், அடுத்த வருஷம் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார்கள். கல்லுடைக்கிற பெண்கள், களையெடுக்கிற பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஏறினார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. அதனால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, பார் வைத்த ஆம்பளை வண்டியிலேயே பழகினோம். பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், பின்னால் குடத்தைக் கட்டலாம் என்று அதுவே பிடித்தும் போய்விட்டது.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. கைக்குழந்தையோடு அப்பா வீட்டில் இருந்தேன். அறிவொளித் தொண்டராகச் சாயங்காலம் பக்கத்து ஊருக்குப் போய்ப் பாடம் எடுக்க வேண்டும். நாலு கிலோமீட்டர் நடை. இரவல் வண்டியில் பழகியது அப்பாவுக்குத் தெரியும். ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

ஒரு நாள் மதியம் தூங்கி எழுந்து வந்து பார்க்கிறேன். ராலி திண்ணையில் சாய்ந்து நிற்கிறது. பூட்டு இல்லை. இரண்டு டயரிலும் காற்று. சீட்டு நான்கு விரல் அளவு கீழே இறங்கியிருக்கிறது. அப்பா உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

அன்றிலிருந்து இரண்டு வருஷம், சாயங்காலம் நாலு மணிக்கு அந்த வண்டி எனக்கு. இரவு கொண்டுவந்து விட்டுவிடுவேன். காலையில் அப்பா கடைத்தெருவுக்கு எடுத்துப் போவார். அவர் ஆறடிக்குக் கொஞ்சம்தான் குறைச்சல். எனக்காக இறக்கின சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஓட்டுகிறாரே என்று உள்ளுக்குள் உறுத்தும். கேட்கத் துணிச்சல் வந்ததில்லை.

அப்பா 2009-ல் போய்விட்டார். 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது மாட்டுக் கொட்டகை அப்படியே வண்டி மேல் விழுந்தது. ஃபிரேம் வளைந்து, பெடலுக்குக் கீழே குழாய் பிளந்து, மழையில் கிடந்து துருப்பிடித்தது. தம்பி அதைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டான். அவனையும் குறை சொல்ல முடியாது. நான் போய்ச் சேர்ந்தபோது சாக்கில் மிஞ்சியிருந்த பாகங்களைத்தான் எடுத்துவர முடிந்தது.

தொழிற்சாலை இருந்த ஊர்

நாட்டிங்காம் என்றால் நமக்கு ராபின் ஹூட் ஞாபகம் வரும். ராலி பிறந்ததும் அங்கேதான். ராலி ஸ்ட்ரீட் என்கிற தெருவில் சின்னப் பட்டறையாக இருந்ததை ஃபிராங்க் பௌடன் என்பவர் வாங்கி, 1888-ல் கம்பெனியாக்கினார். தெருவின் பெயரே வண்டிக்குப் பெயரானது. நாரைத் தலை அவருடைய குடும்பச் சின்னம். எங்கள் தெருப் பிள்ளைகள் அதைக் கொக்கு என்றது பெரிய தப்பொன்றும் இல்லை!

1950-களில் வருஷத்துக்குப் பத்து லட்சம் சைக்கிள் செய்த ஊர் இது. அப்பாவின் ஹப்பில் ‘ஸ்டர்மி ஆர்ச்சர்’ என்ற பெயரும், பக்கத்தில் 53 என்ற எண்ணும் பொறித்திருக்கும். 1953-ல் செய்தது என்று அர்த்தம். அந்த ஹப்பும் இங்கேயே, ராலியின் துணை நிறுவனத்தில் செய்ததுதான்.

போன மறுநாளே மகள் என்னை அங்கே கூட்டிப்போனாள். ஆனால் தொழிற்சாலை இல்லை. ஸ்டர்மி ஆர்ச்சர் 2000-ல் தைவான் கம்பெனிக்குக் கைமாறியது. 2002-ல் நாட்டிங்காமில் சைக்கிள் உற்பத்தியே நின்றுபோனது. டிரையம்ஃப் ரோட்டில் தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம். ஏரி வெட்டி, மரக் கட்டடங்கள் எழுப்பியிருக்கிறார்கள். நடுவில் 60 மீட்டர் உயரத்தில் சிவப்பு இரும்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. ஏரிக்கரையில் வாத்துகள். பாட்டைக் காதில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் நடந்து போகிறார்கள். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு.

பக்கத்தில் லென்டன் புலவார்டில் ராலியின் பழைய தலைமை அலுவலகம் மட்டும் நிற்கிறது. 1931-ல் கட்டியது. முகப்பில் குழந்தைகள் உட்கார்ந்து சைக்கிள் பாகங்களைச் செய்கிற மாதிரி சிற்பங்கள். ஊரில் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். கைப்பையில் ஹப் கனத்தது. பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறது, வீட்டைத்தான் காணோம்.

வெண்காரம் வைக்கிற வெள்ளைக்காரர்

நாட்டிங்காமிலிருந்து காரில் ஒரு மணி நேரம். டார்பிஷர் மலைப் பக்கம் ஒரு சிற்றூர். கல் சுவர்கள், ஆடு மேய்கிற சரிவுகள். ஒரு பழைய தொழுவத்தைப் பட்டறையாக்கி, ஒரே ஆளாக சைக்கிள் ஃபிரேம் செய்கிறார் ஒரு பெரியவர். ஆளை அளந்து, அவருக்கென்றே செய்து கொடுப்பார். கூலியை ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தேன். ஊரில் புது ஸ்கூட்டரே வாங்கிவிடலாம். “அம்மா, மாத்திப் பார்க்கக் கூடாது” என்று மகள் அதட்டினாள்.

சாக்கை அவிழ்த்து மேசையில் கொட்டினேன். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்து வரிசையாக வைத்தார். பிறகு ரிம்களை எடுத்து ஓட்டைகளை எண்ணினார். பின் ரிம்மில் நாற்பது, முன் ரிம்மில் முப்பத்திரண்டு. அவருக்கு ஒரே ஆச்சரியம். பழைய இங்கிலீஷ் ஹப்புக்கு நாற்பது கம்பி வேண்டும். இப்போது அங்கே சாதாரணக் கடைகளில் கிடைப்பது முப்பத்தாறும் முப்பத்திரண்டும்தான். நாற்பது ஓட்டை ரிம்முக்கு அலைய வேண்டியிருக்குமே என்று கவலையில் இருந்திருக்கிறார். புதுக்கோட்டையில் எந்தச் சைக்கிள் கடையிலும் சுவரில் தொங்குகிற சாமான் அது. இருபத்தெட்டு ஒன்றரை டயரும் அப்படியே. இங்கிலாந்து மறந்துபோன அளவுகளை நாம்தான் இன்னும் விடாமல் வைத்திருக்கிறோம்.

“புது ஃபிரேமே கடையில் வாங்கி இதையெல்லாம் மாட்டிக்கொள்ள முடியாதா?” என்று மகளை விட்டுக் கேட்டேன். தலையாட்டினார். இன்றைய ஃபிரேம்களில் பின் சக்கரம் உட்காரும் இடைவெளி பெரும்பாலும் 135 மில்லிமீட்டர். அப்பாவின் ஹப்புக்கு 115 போதும். பெடல் அச்சு உட்காரும் இடத்தில் மற்ற இங்கிலீஷ் கம்பெனிகள் ஓர் அங்குலத்துக்கு 24 புரி வைத்தால், ராலி மட்டும் தனி வழியாக 26 வைத்திருக்கிறது. பழைய கப்புகளைக் கழித்துவிட்டு, கொக்குச் சக்கரத்தை வைத்துக்கொள்ளலாம் என்றார். பாகங்களுக்காக ஃபிரேமைச் செய்வதுதான் வழி.

குழாய்கள் பர்மிங்காமின் ரெனால்ட்ஸ். முனைகளில் கனமாகவும் நடுவில் மெல்லிசாகவும் இழுத்த ஸ்டீல் குழாய். 1897-லேயே இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். மூட்டு விழும் இடத்தில்தான் பலம் வேண்டும், நடுவில் எடை எதற்கு என்பது கணக்கு. குழாயை விரலால் சுண்டினார். மணி மாதிரி கேட்டது.

மூட்டு போடுவதைப் பார்க்க இன்னொரு நாள் கூப்பிட்டார். குழாயின் முனையில் உறை மாதிரி ஒரு மூட்டைச் செருகி, வெள்ளையாக ஒரு பசையைத் தடவி, சுடரால் செக்கச்செவேலென்று காய்ச்சுகிறார். பித்தளைக் கம்பியை ஓரத்தில் தொட்டதும் அது உருகி, குழாய்க்கும் உறைக்கும் நடுவே தானாக ஓடிப் பரவுகிறது. அந்தப் பசை என்ன என்று கேட்டேன். போராக்ஸ் கலந்தது என்றார். அட, நம்ம வெண்காரம்! எங்கள் ஊர்ப் பத்தர் ஊதுகுழலை வைத்துக்கொண்டு என் தோட்டுக்குப் பற்றவைத்ததும் இதேதான். அதை மகள் மொழிபெயர்த்துச் சொன்னபோது மனிதர் சுடரை அணைத்துவிட்டு, பத்தர் என்ன கம்பி வைப்பார், ஊதுகிற காற்று போதுமா என்று கால் மணி நேரம் விசாரித்தார்.

பார் வேண்டுமா, வேண்டாமா?

அளவெடுக்கும் அன்று அவர் கேட்ட முதல் கேள்வி: “மேல் பார் வேண்டுமா?”

“வேண்டும்” என்றேன் சட்டென்று. பார் இல்லாவிட்டால் அது எப்படி அப்பா வண்டி?

அவர் ஒன்றும் சொல்லாமல் ஒரு குழாயை இடுப்புயரத்தில் பிடித்து, தாண்டச் சொன்னார். 1992-ல் புடவையோடு தாண்டிய கால்தான். இப்போது பாதி தூரம் தூக்கியதும் முழங்கால் மறுத்துவிட்டது. மகள் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பேன். மூன்று பேரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்போடு கண்ணும் கலங்கியது.

அவர் ஒரு படம் வரைந்து காட்டினார். ஹேண்டில்பார் கழுத்திலிருந்து இரண்டு மெல்லிய குழாய்கள் சரிவாக இறங்கி, சீட்டுக் கம்பத்தின் இரு பக்கமும் உரசிக்கொண்டு, பின் சக்கரத்து அச்சு வரை போகின்றன. மிக்ஸ்ட் என்று பெயராம். பாரும் உண்டு, காலைத் தூக்கவும் வேண்டாம். “சரி” என்றேன்.

சீட்டு உயரம் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். அதற்குள் அவரே சாக்கிலிருந்து வந்த சீட்டுக் கம்பியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இதை இரண்டு பேர் ஓட்டியிருக்கிறார்களா?”

கம்பியில் இரண்டு வளையம் தேய்ந்திருந்தது. மேலே ஒன்று, நான்கு விரல் தள்ளிக் கீழே ஒன்று.

நான் தலையாட்டினேன். அவர் சீட்டை இறுக்குகிற போல்ட்டைக் காட்டினார். நட்டின் ஆறு முனையும் மழுங்கி, ஏறக்குறைய உருண்டையாகியிருந்தது. “ஸ்பேனர் போட்டுப் போட்டு இப்படி ஆகியிருக்கிறது. சாதாரணமாக ஒரு சைக்கிளில் இதை வாழ்நாளில் நாலைந்து தடவைதான் தொடுவார்கள். இதை யாரோ தினமும் கழற்றியிருக்கிறார்கள்.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அப்பா தாழ்ந்த சீட்டில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஓட்டவில்லை. தினமும் காலையில் தனக்கு ஏற்றியிருக்கிறார். தினமும் மதியம், நான் எழுந்து வருவதற்கு முன்னால், எனக்காக இறக்கியிருக்கிறார். இரண்டு வருஷம். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முப்பது வருஷம் மூன்றாவது கியரில்

இன்னொரு விஷயமும் அந்த மேசையில்தான் தெரிந்தது.

ராலி என்றாலே மிதிக்கக் கனம் என்பது எங்கள் ஊர் வழக்கு. ஆடிக் காற்றில் எதிர்த்துப் போகும்போது எனக்கு உயிரே போய்விடும். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பார். நல்ல வண்டி என்றால் கனமாகத்தான் இருக்கும் என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

அவர் ஹப்பின் அச்சுக்குள் துருப்பிடித்துக் கிடந்த துண்டுச் சங்கிலியை இழுத்துக் காட்டினார். இதிலிருந்து ஒரு கேபிள் ஹேண்டில்பாருக்குப் போய், அங்கே ஒரு சின்ன லீவர் இருந்திருக்க வேண்டுமே என்றார்.

இருந்தது! நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது கேபிள் அறுந்துபோய், “இது தேவையில்லாத சாமான் சார்” என்று சைக்கிள் கடைக்காரர் கழற்றிப் போட்டுவிட்டார்.

அவர் பொறுமையாக விளக்கினார். இந்த ஹப்புக்குள் மூன்று கியர். நடுக் கியரில், பின்னால் இருக்கும் சின்னப் பல்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரமும் ஒரு சுற்று. லேசான கியரில் முக்கால் சுற்றுதான். மேட்டுக்கும் எதிர்காற்றுக்கும் அது. கனமான கியரில் ஒன்றேகால் சுற்றுக்கும் மேல். சமதரையில் வேகமாகப் போக அது. கேபிள் அறுந்தால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தானாகவே கனமான கியருக்குத் தள்ளிவிடும். அதிலேயே நின்றுவிடும்.

அதாவது அப்பா முப்பது வருஷத்துக்கு மேல், நான் இரண்டு வருஷம், அந்த வண்டியை அதன் மிகக் கனமான கியரிலேயே மிதித்திருக்கிறோம். லேசான இரண்டும் உள்ளேயே சும்மா இருந்திருக்கின்றன.

ஹப்பைப் பிரித்தார். உள்ளே பல்லெல்லாம் துருவில்லாமல் மின்னின. “யாரோ தவறாமல் எண்ணெய் விட்டிருக்கிறார்கள்” என்றார். ஞாயிற்றுக்கிழமை நாலு சொட்டு. புதுக் கேபிளும் லீவரும் போட்டதற்கு ஆன செலவு, மொத்தக் கணக்கில் கடைசி வரியில் இருந்தது. அதுதான் இருப்பதிலேயே குறைவு.

ஏரிக்கரைச் சவாரி

ஆகஸ்ட் மாதம் வண்டி கைக்கு வந்தது. கரும்பச்சை நிறம். சீட்டின் தோல் மட்டும் புதிது, ஸ்பிரிங் பழையது. ராட் பிரேக்கும் அப்படியே வைத்தாகிவிட்டது. “மழையில் இது சரியாகப் பிடிக்காது, முன்கூட்டியே பிடியுங்கள்” என்று இரண்டு முறை எச்சரித்தார். மழைக்குப் பேர்போன ஊரில்!

முதல் சவாரிக்கு நான் கேட்ட இடம் ஜூபிலி வளாகம். ஞாயிறு காலை, கூட்டமில்லை. முப்பது வருஷத்துக்குப் பிறகு பெடலில் கால் வைத்தேன். சுடிதாரும், மருமகன் கட்டாயப்படுத்தி மாட்டிவிட்ட ஹெல்மெட்டும். முதல் பத்து அடிக்கு மகள் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அப்புறம் விட்டுவிட்டாள். எப்போது விட்டாள் என்று தெரியவில்லை.

ஏரியைச் சுற்றி வரும்போது காற்று எதிரே அடித்தது. பழக்க தோஷத்தில் பல்லைக் கடித்தேன். பிறகு ஞாபகம் வந்து, மிதிப்பதை ஒரு நொடி நிறுத்தி லீவரை விரலால் தள்ளினேன். ‘டிக்.’ கால் சட்டென்று லேசானது. ஹப்புக்குள்ளிருந்து ‘டிக்... டிக்...’ என்று கடிகாரம் மாதிரி ஒரு சத்தம் கூடவே வந்தது.  அப்பா ஒரு தடவையாவது இப்படி மிதித்திருக்கலாம் என்று தோன்றியது. அழவில்லை. காற்றில் கண்ணில் தண்ணீர் வந்தது என்று மகளிடம் சொன்னேன்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வருவதென்று முடிவு செய்தேன். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நம் ஊர் நெடுஞ்சாலை லாரிகளோடு போட்டி போட முடியாது. மகள் தினமும் வேலைக்குப் போவது சைக்கிளில்தான். தாத்தாவின் உயரம் அவளுக்கு. ஃபிரேம் என் அளவுதான் என்றாலும், சீட்டை ஏற்றினால் அவளுக்குச் சரியாக வரும் என்று பெரியவர் பார்த்துச் சொல்லியிருந்தார்.

ஞாயிறு இரவு எல்லோரும் படுத்த பிறகு, வராந்தா விளக்கைப் போட்டு, மருமகனின் ஸ்பேனரைத் தேடி எடுத்தேன். நட்டைத் தளர்த்தி, சீட்டைக் கீழ் வளையத்திலிருந்து மேல் வளையத்துக்கு ஏற்றி இறுக்கினேன். டயரில் காற்றைப் பார்த்தேன்.

காலையில் அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பியபோது, நான் பேப்பரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.